புலியைக் கேள்வி கேட்ட வகுப்பு

வெளிமாநிலத்தில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நம் குடும்பங்களுக்கு ஒரு கவலை பொதுவானது. வீட்டில் வாய் ஓயாத பிள்ளை, பள்ளிக்கூடத்தில் வாயே திறப்பதில்லை என்று ஆசிரியர் சொல்லி அனுப்புவார். மொழி தெரியாததை மந்தம் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் போகவில்லை. குண்டலுபேட்டையில் கன்னட வழி வகுப்புகளுக்குப் பாடம் நடத்துபவள் என்ற முறையில், இந்த மௌனத்தைக் கலைக்க நாடகப் பயிற்சிகள் எப்படிக் கைகொடுக்கின்றன என்று சொல்ல விரும்புகிறேன்.

நாடகம் என்றதும் ஆண்டு விழாவும் அரிதாரமும் மனப்பாட வசனமும் நினைவுக்கு வரும். நான் சொல்வது அதுவல்ல. பாட வேளையின் 40 நிமிடத்துக்குள், பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுச் செய்வது. முதலில் கண்ணாடி விளையாட்டு: இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் அசைவதை மற்றவர் அப்படியே செய்ய வேண்டும். அடுத்து சிலை விளையாட்டு: "சந்தை" என்றால் ஐந்தாறு பேர் சேர்ந்து உடம்பாலேயே சந்தையை நிறுத்திக் காட்ட வேண்டும். இரண்டிலும் பேச்சே கிடையாது. கன்னடம் தெரிந்தவனும் தெரியாதவனும் அங்கே சமம்.

பேச்சு அதற்குப் பிறகு வரும். கர்நாடகத்தில் படிக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் 'கோவின ஹாடு' தெரியும். புலியிடம் கொடுத்த வாக்கைக் காக்க, கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும் புண்யகோடி என்ற பசுவின் கதை. சென்ற ஆண்டு அந்தப் பாடத்தில் நான் புலியாக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்றேன். "பசி என்றால் மானைப் பிடிக்கக் கூடாதா?" என்று ஆரம்பித்தார்கள். நாலைந்து மாதமாக வாய் திறக்காத ஒரு தமிழ்ப் பெண் எழுந்து, "எங்க ஹசு யாகெ திந்தே?" என்றாள். எங்கள் பசுவை ஏன் தின்றாய் என்று, பாதி தமிழும் பாதி கன்னடமுமாக.

பந்திப்பூர் எங்களுக்குப் பக்கம். 1973 முதல் அது புலிகள் காப்பகம். காட்டோரக் கிராமங்களில் புலி மாட்டை அடிப்பது கதையல்ல. அவள் வீட்டுப் பசுவும் அப்படிப் போனதுதான். யாரும் சிரிக்கவில்லை. புலி பதில் சொல்லத் திணறியது. மறுநாள் வகுப்பு முழுவதும் வனத்துறைக்கு நஷ்டஈட்டு மனு எழுதிப் பழகியது. அவளும் கன்னடத்தில் நாலு வரி எழுதினாள், எழுத்துப் பிழைகளோடு.

ஆசிரியரே பாத்திரமாகிவிடும் இந்த முறையை இங்கிலாந்தில் வளர்த்தவர் டோரதி ஹீத்கோட். 14 வயதில் பள்ளியை விட்டுக் கம்பளி ஆலைக்குத் தறி ஓட்டப் போனவர், பின்னாளில் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். நம்மவர்களும் பின்தங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் 1978ல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் அடிப்படையில் பள்ளி ஆசிரியர். 'கூடி விளையாடு பாப்பா' அவர் எழுதிய சிறுவர் நாடகம். இங்கிருந்து 60 கிலோமீட்டரில் உள்ள மைசூரில், பி.வி. காரந்த் 1989ல் உருவாக்கிய ரங்காயணத்தின் 'சின்னர மேளா' என்ற கோடை முகாமைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கிளிக்குப் படிப்புச் சொல்லித் தருவதாகக் காகிதங்களைத் திணித்தே அதைக் கொன்ற தாகூரின் கதையை 'பஞ்சர ஷாலே' என்று சிறுவர் நாடகமாக்கியவரும் காரந்த்தான். பெற்றோர்கள் அவசியம் பார்க்க வேண்டியது!

தொல்லைகள் இல்லாமல் இல்லை. சத்தம் வரும், பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். 50 பேர் இருந்தால் பாதிப் பேர் செய்ய, மீதிப் பேர் பார்த்துச் சொல்ல வேண்டும். கூச்சப்படும் பிள்ளையை நடுவில் இழுத்து நிறுத்தவே கூடாது. அதற்குப் பார்வையாளர் வேலை கொடுத்தால், தானாக வரும் நாளில் வரும்.

"இதனால் மார்க் வருமா டீச்சர்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வரைவு நாடகத்தையும் கல்வியில் சேர்த்தது. 2020ன் கல்விக் கொள்கை கலையோடு இணைந்த கற்றலைச் சொல்கிறது. பரீட்சைத்தாள் மட்டும் அதே பழைய கேள்விகளைத்தான் கேட்கிறது. ஆனால் வாய் திறந்த பிள்ளை சந்தேகம் கேட்கும். சந்தேகம் கேட்கிற பிள்ளைக்குப் பாடத்தைத் திரும்பச் சொல்லலாம். பேசாத பிள்ளைக்கு எது புரியவில்லை என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

வீட்டிலும் செய்து பார்க்கலாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா புலியாக உட்காரட்டும். கேள்வி எந்த மொழியில் வந்தாலும் பதில் சொல்லுங்கள்.