மழையில் வேண்டாம் பந்தயம்

மழை நாளில் மும்பைவாசிகள் கவனிப்பது தண்ணீரின் ஆழத்தை. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் வரையா, தாராவியில் வாசற்படி வரையா என்பதுதான் அன்றைய பேச்சு. ஆனால் வேகமாகக் காரோட்டுபவருக்கு எமனாவது, தார்ச் சாலையில் பளபளவென்று படர்ந்திருக்கும் சில மில்லிமீட்டர் தண்ணீர்.

உலக சாம்பியன் ஒருவரே அதற்குப் பலியானார். பிரிட்டனின் மைக் ஹாதார்ன், ஃபெராரி அணிக்காக 1958ல் ஃபார்முலா ஒன் பட்டத்தை ஒரே புள்ளி வித்தியாசத்தில் வென்றவர். அந்த ஆண்டு ஆகஸ்டில் நெருங்கிய நண்பர் பீட்டர் காலின்ஸ் ஜெர்மனியில் பந்தயத்தின்போது இறந்தது அவரை உலுக்கிவிட்டது. பட்டம் வென்ற கையோடு ஓய்வை அறிவித்தார்.

அதன்பின் மூன்றே மாதம். 1959 ஜனவரி 22 அன்று, காற்றும் மழையுமாக இருந்த கில்ஃபோர்டு புறவழிச் சாலையில் ஹாதார்னின் ஜாகுவாரும், பந்தய அணி உரிமையாளர் ராப் வாக்கரின் மெர்சிடிஸ் 300 எஸ்.எல். ஸ்போர்ட்ஸ் காரும் சந்தித்தன. பரிசு இல்லை, பார்வையாளர் இல்லை. விளையாட்டாகப் போட்டி போட்டார்கள் என்றே பரவலாகச் சொல்லப்படுகிறது. ஜாகுவார் வழுக்கி, ஒரு லாரியில் உரசி, மரத்தில் மோதியது. ஹாதார்னுக்கு வயது 29.

தேர்ந்த கைகளையே ஏமாற்றும் அந்த வழுக்கல் எப்படி நேர்கிறது? டயரின் பள்ளங்கள் தண்ணீரைப் பிதுக்கி வெளியே தள்ள வேண்டும். வேகம் கூடினால் அதற்கு நேரம் போதாது. தண்ணீர் ஆப்புபோல அடியில் நுழைந்து டயரைத் தூக்கிவிடுகிறது. பிறகு ஸ்டியரிங்கும் பிரேக்கும் இருந்தும் பயனில்லை. நாசா ஆய்வாளர்கள் 1960களில் வகுத்த கணக்குப்படி, டயரில் 25 பவுண்டு காற்று இருந்தால் மணிக்குச் சுமார் 83 கி.மீ. வேகத்திலேயே இது நேரலாம்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் பாடு இன்னும் மோசம். ஏ.பி.எஸ். கிடையாது, ஈரத்தில் பிரேக்கை அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக மிதித்தால் பின்பக்கம் சுழற்றி வீசும். 300 எஸ்.எல். காரிலோ, வளைவின் நடுவே சட்டென்று காலை எடுத்தாலும் ஆபத்துதான். 1957ல் வந்த திறந்த மாடலில் பின் அச்சின் அமைப்பையே மாற்றினார்கள்.

இந்தியாவிலும் கார் பந்தயம் பொழுதுபோக்குக்காரர்கள் வளர்த்த விளையாட்டுதான். மும்பையில் ஜுஹு விமானத் தளத்திலும், சென்னை அருகே சோழவரத்தின் போர்க்கால ஓடுதளத்திலும் சொந்தக் காசைப் போட்டு ஓட்டினார்கள். மழைக்கு ஜுஹு தோதான இடமல்ல. 1932ல் தபால் விமானம் தொடங்கிய ஜே.ஆர்.டி. டாட்டாவே மழைக்காலத்தில் அங்கிருந்து புனேவுக்கு மாற வேண்டியிருந்தது.

1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் இருக்கிறது. அங்கும் உயிர் போவதுண்டு. 2023 ஜனவரி 8 அன்று 59 வயது வீரர் கே.இ. குமார் விபத்தில் இறந்தார். அன்றைய மீதிப் பந்தயங்கள் ரத்தாயின. சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 2024 ஆகஸ்ட் 31 அன்று தொடங்கிய இரவுப் பந்தயமும் மழையால் தாமதமானது. தடத்தைச் சோதித்து அனுமதி தந்த பிறகே கார்கள் கிளம்பின. நிறுத்துவதற்கும் காத்திருக்கச் சொல்வதற்கும் அங்கே ஆள் உண்டு.

தென் மும்பையிலிருந்து செம்பூருக்கு வரும் ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் அப்படிக் கொடி காட்ட ஆளில்லை. நீண்ட, நேரான, ஆசை காட்டும் சாலை. ஜூன் மாத முதல் மழையில் எண்ணெயும் புழுதியும் தண்ணீரோடு குழையும்போது வழுக்கல் இன்னும் அதிகம். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு கார் உறுமினால், அதை முன்னே போக விடுவதே கெட்டிக்காரத்தனம்.