அலமாரிக்குள் ஒரு கறுப்பு-மஞ்சள் டாக்சி!

தாதர் எக்ஸ்பிரசில் வந்து இறங்கி, பெட்டி படுக்கையை டாக்சியின் மேல் கேரியரில் ஏற்றி, "மாட்டுங்கா சலோ" என்று சொன்ன தமிழர்கள் எத்தனை ஆயிரம் பேர்! அவர்களைச் சுமந்து சென்றது பெரும்பாலும் ஒரே வகைக் கார்தான். பியட் என்றே எல்லோரும் அழைத்துப் பழகிய பிரிமியர் பத்மினி.

அந்த வகை டாக்சிகளில் கடைசியாகப் பதிவானது 2003 அக்டோபர் 29-ல். டாக்சிகளுக்கு விதிக்கப்பட்ட இருபது ஆண்டு வரம்பு, அதற்கு 2023 அக்டோபர் 29-ல் முடிந்தது. இன்றும் மும்பைத் தெருக்களில் கறுப்பு-மஞ்சள் நிறம் ஓடுகிறது. ஆனால் அந்த நிறத்துக்குள் இருந்த பழைய கார் போய்விட்டது.

தெருவில் காணாமற்போன அதே கார், சில வீடுகளின் கண்ணாடி அலமாரியில் நின்றுகொண்டிருக்கிறது. நீளம் பதினாறு சென்டிமீட்டர். மேலே கேரியர், வெளியே மீட்டர், உள்ளே ஸ்டியரிங்கோடு ஒட்டிய கியர் கம்பி எல்லாம் உண்டு. மாதிரிக் கார் கட்டுகிறவர்களின் கைவேலை அது.

பொம்மை அல்ல

இதைப் பொம்மை என்று சொன்னால் கட்டியவருக்குக் கோபம் வரும். கோபம் நியாயமானதே. பொம்மைக்குச் சக்கரம் உருண்டால் போதும். மாதிரிக் காரிலோ கதவுப் பிடியிலிருந்து வைப்பர் கம்பி வரை எல்லா உறுப்பும் ஒரே கணக்கில் சுருங்க வேண்டும்.

இருபத்து நாலில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், அசல் வண்டியின் 24 மில்லிமீட்டர் இங்கே ஒரு மில்லிமீட்டர். பத்மினியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,340 மில்லிமீட்டர். மாதிரியில் அது தொண்ணூற்று ஏழரை. 14 அங்குல சக்கர வளையம் 15 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். கோட்டுப் பொத்தான் அளவுதான்! பொத்தானையே சக்கர மூடியாக வைத்துப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இருபத்து நாலு என்ற எண் எங்கிருந்து வந்தது? ஓர் அடிக்கு அரை அங்குலம் என்ற பழைய பிரிட்டிஷ் கணக்கு அது. நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு என்று இன்னொரு அளவும் புழக்கத்தில் இருக்கிறது. அதன் கதை இன்னும் வேடிக்கை. லிவர்பூலில் பிராங்க் ஹார்ன்பி என்பவரின் கம்பெனி, ஓர் அடிக்கு ஏழு மில்லிமீட்டர் என்ற கணக்கில் பொம்மை ரயில் செய்து விற்றது. அந்த ரயில் நிலையத்துக்கு வெளியே நிறுத்திவைக்கக் குட்டி வண்டிகள் தேவைப்பட்டன. 1934-ல் அவற்றுக்கு டிங்கி டாய்ஸ் என்று பெயர் வைத்தார்கள். ஏழு மில்லிமீட்டர் கணக்கைப் பங்காக மாற்றினால் நாற்பத்து மூன்றரை வரும். ரயிலுக்குத் துணையாக வந்த கார்கள், பிறகு தங்களுக்கென்றே தனி உலகத்தைப் பிடித்துக்கொண்டன.

பெட்டியில் வருகிற பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டுவதோடு நில்லாமல், தன் விருப்பப்படி மாற்றிக் கட்டும் பழக்கம் அமெரிக்காவில் வேகமாகப் பரவியது. 1958-ல் ஏ.எம்.டி. என்ற கம்பெனி "ஒன்றில் மூன்று" என்ற வகைப் பெட்டிகளைக் கொண்டுவந்தது. அதே பெட்டியிலிருந்து ஷோரூம் கார் கட்டலாம், பந்தயக் கார் கட்டலாம், அல்லது நினைத்தபடி ஒப்பனை செய்த கார் கட்டலாம்.

அதற்கும் முன்பே, ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் பிஷர் பாடி பிரிவு சிறுவர்களுக்கு ஒரு போட்டி நடத்திவந்தது. 1930-ல் தொடங்கி 1968 வரை நடந்த போட்டி அது. முதலில் நெப்போலியன் காலத்துக் கோச் வண்டியைச் செய்யச் சொன்னார்கள். 1937 முதல் சொந்தக் கற்பனையில் ஒரு காரும் செய்யலாம் என்றார்கள். பரிசாகக் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை கிடைத்தது. 1947-ல் பரிசு பெற்ற சக் ஜோர்டன் என்ற இளைஞர், 1986-ல் அதே ஜெனரல் மோட்டார்சின் டிசைன் பிரிவுக்கே தலைவரானார். படிக்கிற பையன் பசையும் பிளாஸ்டிக்குமாக உட்கார்ந்திருக்கிறானே என்று அலுத்துக்கொள்ளும் பெற்றோர் இந்தச் செய்தியைக் கவனிக்கலாம்.

நம் கார் எங்கே?

இந்தியாவில் இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர்களுக்கு முதல் ஏமாற்றம் பட்டியலைப் பார்க்கும்போதே வந்துவிடும். ஜப்பானிய டாமியாவை எடுத்தாலும், ரெவல்லை எடுத்தாலும், போர்ஷே இருக்கும், டொயோட்டா இருக்கும், பெராரி இருக்கும். அம்பாசிடரைத் தேடினால் கிடைக்காது. கல்யாண ஊர்வலத்துக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் ஒரே மாதிரி உழைத்த காருக்கு அந்தப் பட்டியல்களில் இடமில்லை.

முன்பு ஒரு காலத்தில் கல்கத்தாவிலிருந்து நிக்கி டாய்ஸ் என்ற உலோகப் பொம்மைகள் வந்தன. டிங்கி கம்பெனியின் பழைய அச்சுகளை வாங்கி இங்கே வார்த்தவை. அவற்றில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று பெயர் போட்டு ஒன்று வந்தது. சென்னையில் 1961 முதல் தயாரான கார் அல்லவா என்று தமிழர்கள் பெருமைப்படலாம். ஆனால் அந்த அச்சு ஹெரால்டுக்காக வெட்டப்பட்டதே அல்ல. ட்ரையம்ப் விட்டெஸ் என்ற சகோதரக் காருக்காக இங்கிலாந்தில் வெட்டப்பட்டது. பெயர் மட்டும் நம்முடையது!

ஆகவே நம் ஊர்க் கார் வேண்டுமென்றால் இரண்டே வழி. ஒன்று, அதன் வெளிநாட்டு மூதாதையைப் பிடித்து மாற்றி அமைப்பது. மற்றொன்று, வெறும் பிளாஸ்டிக் தகட்டிலிருந்து முழுவதையும் கட்டுவது.

மாற்றி அமைப்பது எளிது என்று நினைத்துவிடக் கூடாது. பத்மினிக்கு மூதாதை இத்தாலிய பியட் 1100. அந்தக் காரின் ஆரம்ப கால வண்டிகளில் முன்கதவு பின்பக்கக் கீலில் தொங்கும். அதாவது எதிர்ப்பக்கமாகத் திறக்கும். இந்தியாவில் 1964 முதல் வந்த 1100-டி வகையிலும், அதன் வழிவந்த பத்மினியிலும் அப்படி அல்ல. ஆகவே பழைய பியட் மாதிரி ஒன்று கையில் கிடைத்தாலும், கதவுப் பிடியை அராவி எடுத்து, கோட்டைப் பட்டி வைத்து அடைத்து, மறுமுனையில் புதிதாகக் கீற வேண்டும். முன் கிரில்லும் வேறு.

அம்பாசிடர் கதை இன்னும் சிக்கல். அடிப்படை, மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் கார். உத்தரபாராவில் 1950-களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை ஏறக்குறைய அதே உருவம்தான். "ஏறக்குறைய" என்ற சொல்லில்தான் ஆபத்து! 1963-ல் மார்க் 2, 1975-ல் மார்க் 3, 1979-ல் மார்க் 4 என்று கிரில் மாறிக்கொண்டே வந்தது. அம்பாசிடர் கட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னால், மற்றவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எந்த வருஷத்து வண்டி?" என்பதுதான்.

அளவு எடுக்கும் பாடு

டாமியா கம்பெனி 1970-களில் போர்ஷே காரை மாதிரியாக்க நினைத்தபோது, அசல் போர்ஷே 911 ஒன்றையே விலைக்கு வாங்கி, திருகு திருகாகப் பிரித்து அளந்தது. 1976-ல் வெளிவந்த அந்த மாதிரியின் புகழுக்கு இதுவும் காரணம்.

மும்பையில் தனி மனிதருக்கு இது நடக்கிற காரியமா? டாக்சி ஸ்டாண்டில் டிரைவர் டீ குடிக்கப் போன நேரத்தில் இஞ்சு டேப்பை நீட்டியவர்கள் உண்டு. "என்ன பாய், வண்டியை வாங்கப் போகிறாயா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதுதான் அளப்பதைவிடக் கஷ்டம்.

டேப்பை வைக்க முடியாத இடத்தில் புகைப்படம் உதவும். அதற்கும் நுணுக்கம் உண்டு. காருக்கு அருகில் நின்று எடுத்தால் மூக்கு பெரிதாகவும் வால் சிறிதாகவும் விழும். தூரத்தில் நின்று, நேர்ப் பக்கவாட்டில், ஜூம் வைத்து எடுக்க வேண்டும். படத்தில் நீளம் தெரிந்த பொருள் ஒன்றும் விழுந்திருக்க வேண்டும். விதிப்படி 500 மில்லிமீட்டர் நீளம் கொண்ட நம்பர் பிளேட் இருந்தால் போதும். அதைக் கொண்டு டிக்கி மூடியின் அகலம், பின்விளக்கின் உயரம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம்.

ஆனால் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் கார் இருக்க வேண்டுமே! அதுதான் இப்போதைய கவலை. பத்மினி தயாரான தொழிற்சாலை குர்லாவில் இருந்தது. பழைய வண்டிகளை உடைத்து விற்கும் காயலான் கடைகளும் அதே குர்லாவில் வரிசையாக உண்டு. ஒரு பம்பரை, ஒரு டாஷ்போர்டை அங்கே உதிரியாகப் பார்க்க நேர்ந்தால், மாதிரி கட்டுகிறவர் விலை பேசுவதற்கு முன் அளவு எடுத்துவிடுகிறார். மறுவாரம் போனால் அது உருக்காலைக்குப் போயிருக்கும். ஒரு காரின் கூரை எவ்வளவு வளைந்திருந்தது என்பதை எந்த ஆர்.சி. புத்தகமும் எழுதிவைப்பதில்லை.

டிங்கரிங், பெயின்டிங்

அளவு கிடைத்தபின் நடப்பது, சின்ன அளவில் ஒரு டிங்கரிங் பட்டறை. பிளாஸ்டிக் தகட்டில் காரின் குறுக்கு வெட்டுகளை அறுத்து, மீன் எலும்பு போல் வரிசையாக நிறுத்துவார்கள். இடைவெளியை எம்-சீல் போன்ற இருகூட்டுப் பசையால் நிரப்பி, காய்ந்தபின் அரம் போட்டு உருவத்துக்குக் கொண்டுவருவார்கள். பிறகு வாட்டர் பேப்பர். 400 நம்பரில் தொடங்கி, 600, 1000 என்று ஏறி, 2000 வரை தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். இதில் பொறுமை இழந்தவர்களின் பாதிக் கார்கள் பரணில் கிடக்கின்றன.

சின்னப் பொருள்களுக்குக் கடை தேட வேண்டியதில்லை. பால்பாயின்ட் ரீபில் சைலன்சர் குழாய் ஆகும். மெல்லிய மின்கம்பி ஸ்பார்க் பிளக் வயர் ஆகும். சமையலறை அலுமினியத் தாளைச் சன்னமாக நறுக்கி ஒட்டினால் ஜன்னலைச் சுற்றிய குரோம் பட்டை தயார். கண்ணாடியை மட்டும் அவசரப் பசையால் ஒட்டக் கூடாது. அதன் ஆவி கண்ணாடியை வெள்ளையாக மூடிவிடும். மரவேலைக்குப் பயன்படும் பெவிகால் காய்ந்ததும் தெளிவாகிவிடும் என்பதால் அதுவே நல்லது.

பெயின்ட் ஒரு பெரிய கண்டம். பிரஷ்ஷால் அடித்த பெயின்ட் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடித்தால், அசல் காரில் அது கிட்டத்தட்ட இரண்டரை மில்லிமீட்டர். சுவருக்குச் சாந்து பூசியது போல் இருக்கும்! ஸ்ப்ரேதான் வழி. அதிலும் மும்பைக்காரர்களுக்கு மழைக்காலம் பகை. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் லாக்கர் அடித்தால் மேலே பால் படர்ந்ததுபோல் வெளுத்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெட்டலாம், ஒட்டலாம், தேய்க்கலாம். பெயின்ட் அடிப்பது சூதாட்டம்.

டாக்சிக்கு முதலில் மஞ்சள், பிறகு கறுப்பு. மாற்றி அடித்தால் கறுப்பின் மேல் மஞ்சள் ஏறாது. கூரை மஞ்சளைக் காகித டேப்பால் மூடிக் கறுப்பு அடித்து, டேப்பை உரிக்கிற அந்த ஒரு நொடியில் மூன்று மாத உழைப்பின் தலைவிதி தெரியும். டேப் ஓரத்தில் கறுப்பு கசிந்திருந்தால் மறுபடியும் வாட்டர் பேப்பர்தான்.

செலவும் சேர்ந்துவிட்டது. வெளிநாட்டுக் கிட்டுகளும் சுங்கக் கணக்கில் பொம்மையோடு சேர்ந்தே போகின்றன. பொம்மைகளுக்கு 20 சதவீதமாக இருந்த சுங்கவரி 2020-ல் 60 சதவீதமாகவும், 2023-ல் 70 சதவீதமாகவும் ஏற்றப்பட்டது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காக்க எடுத்த நடவடிக்கை; நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கிலுகிலுப்பைக்கும், ஆறு மாதம் உட்கார்ந்து கட்டும் மாதிரிக்கும் ஒரே தராசு என்பதுதான் வருத்தம். முப்பரிமாண அச்சு இயந்திரம் வீட்டுக்கே வந்துவிட்டதால் இளைஞர்கள் இப்போது கிரில்லையும் சக்கரத்தையும் கம்ப்யூட்டரில் வரைந்து அச்சடிக்கிறார்கள். வேலை பாதி குறைகிறது என்பது உண்மை. அங்கேயும் அளவு தெரியாமல் வரைய முடியாது.

எல்லாம் முடிந்தபின் தேர்ந்த கை ஒரு காரியம் செய்யும். பின் ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் தாழ்த்திவிடும். புதுக் கார் அப்படி நிற்காது. கேரியரில் டிரங்குப் பெட்டியும் பின்சீட்டில் நான்கு பேருமாக ஆண்டுக்கணக்கில் ஓடிய டாக்சி அப்படித்தான் நிற்கும்.

பழைய வீட்டு ஆல்பங்களில் கார் தெரிகிற படம் இருந்தால், இவர்கள் அதை விடாமல் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். பெண் மாப்பிள்ளை படம், புதுக் காருக்கு மாலை போட்டு எடுத்த படம், டாக்சியில் கைவைத்து நிற்கும் மாமா படம் என்று ஏராளமாகக் கிடைக்கின்றனவாம். டிக்கியும் பின்விளக்கும் தெரிகிற படம்தான் அகப்படுவதில்லை. எல்லோரும் முன்பக்கமாகவே நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்!