கல்லூரி நகரத்தில் யார் ஊர்க்காரர்?

பேராக் மாநிலத்தின் கம்பார் பட்டணம் ஈயத்தால் வளர்ந்த ஊர். கிந்தா பள்ளத்தாக்கின் மண்ணைத் தோண்டித்தான் அங்கே கடைவீதிகள் எழுந்தன. 1985ஆம் ஆண்டு அக்டோபரில் அனைத்துலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வேலை தேடி இளையோர் வெளியூர்களுக்குப் போய்விட்டார்கள். வயதானவர்களும் தண்ணீர் தேங்கிய பழைய சுரங்கக் குட்டைகளுமே மிச்சம்.

அந்த ஊருக்கு மறுவாழ்வு தந்தது கல்வி. 2002ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் 2007இல் கம்பாரில் தன் வளாகத்தைத் திறந்தது. ஈயம் எடுத்த நிலத்தில், அந்தக் குட்டைகளை ஒட்டியே வகுப்பறைகள் எழுந்தன. புதிய தாமான்கள் வந்தன. உணவுக்கடை, டோபிக் கடை, நகலெடுக்கும் கடை என்று கடைவீடுகள் நிரம்பின. 2009இல் கம்பார், பேராக்கின் 10ஆவது மாவட்டமாக அறிவிக்கப்பட்டது.

கம்பார் மட்டுமல்ல. 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்ட தஞ்சோங் மாலிம், கெடாவின் சிந்தோக், ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் அமைந்துள்ள பீடோங் வட்டாரம் ஆகியவையும் மாணவர்களை நம்பி வாழும் இடங்களே. இந்தியக் குடும்பங்கள் பலவும் தங்கள் பிள்ளைகளை இந்த ஊர்களுக்கு அனுப்பி, மாதா மாதம் அறை வாடகை கட்டி வருகின்றன. அந்தப் பிள்ளைகள் மூன்று நான்கு ஆண்டுகள் அங்கே வாழ்கிறார்கள். ஆனால் அந்த ஊரின் கணக்கில் அவர்கள் யார்?

சண்டை எங்கே தொடங்குகிறது?

கல்லூரி நகரங்களின் புகார்கள் எங்கும் ஒரே மாதிரியானவை. ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய மாடிவீட்டில் பலகைத் தடுப்பு வைத்து ஏழெட்டு அறைகள் ஆக்கப்படுகின்றன. வாசலில் ஒரு கார் நிற்க வேண்டிய இடத்தில் நான்கு கார்களும் ஐந்து மோட்டார் சைக்கிள்களும் நிற்கின்றன. ஒரு குப்பைத்தொட்டியில் எட்டுப் பேரின் குப்பை வழிகிறது. இரவு ஒரு மணிக்குக் கதவு அடிபடும் சத்தம் கேட்கிறது.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மாணவர்கள் மேல் கோபம். மாணவர்களுக்கோ வேறு மனக்குறை. வாடகை ஏறுகிறது, கூரை ஒழுகுகிறது, தெருவிளக்கு எரிவதில்லை, பேருந்து கிடையாது. இரு தரப்பும் ஒருவரையொருவர் குறை சொல்கின்றன. உண்மையில் இரு தரப்பும் கேட்க வேண்டிய கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது ஊராட்சி மன்றம்.

வீட்டுக்குள் சுவர் எழுப்பிக் கட்டடத்தை மாற்றுவதற்கு, 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ முன் அனுமதி தேவை. அனுமதி இல்லாமல் அறைகள் முளைத்தால் அது மாணவன் செய்த தவறன்று. வீட்டு உரிமையாளரும் அதைக் கண்டும் காணாமல் விட்டவர்களுமே பதில் சொல்ல வேண்டும்.

வரி யாருடையது?

“நாங்கள் வரி கட்டுகிறோம், மாணவர்கள் கட்டுவதில்லை” என்பது ஊர்க்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் வாதம். இது பாதிதான் சரி. மதிப்பீட்டு வரிக்கான பில் வீட்டு உரிமையாளரின் பெயருக்கு வருகிறது. ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் அந்த வரி, வீடு ஓராண்டுக்கு என்ன வாடகைக்குப் போகும் என்ற கணிப்பை வைத்தே விதிக்கப்படுகிறது. அந்த வாடகையைத் தருபவன் மாணவன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு: மாதம் 700 வெள்ளி வாடகை பெறும் என்று மதிப்பிடப்பட்ட வீட்டின் ஆண்டு மதிப்பு 8,400 வெள்ளி. வரி விகிதம் 10 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் ஆண்டு வரி 840 வெள்ளி. ஐந்து மாணவர்கள் அந்த வீட்டில் இருந்தால் தலைக்கு மாதம் 14 வெள்ளி. பில்லில் அவர்கள் பெயர் இல்லை. ஆனால் பணம் அவர்களுடைய பெற்றோரின் பணம்.

சட்டம் இவர்களைப் பார்க்கும் விதமும் விசித்திரமானது. உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் புதிய கட்டுமானத்துக்கு விண்ணப்பம் வந்தால், 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி அக்கம்பக்கத்து நில உரிமையாளர்களுக்கு அறிவிப்பு போகும். 21 நாள்களுக்குள் அவர்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். வாடகைக்கு இருப்பவருக்கு அந்த அறிவிப்பு வராது. அதே வீட்டில் ஏடிஸ் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால், 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் குடியிருப்பவரும் பொறுப்பாளியாவார். கருத்துக் கேட்கும்போது அவர் ஊர்க்காரர் அல்லர்; அபராதம் என்றால் ஊர்க்காரர்.

வாக்கு யாருடையது?

2019 ஜூலையில் நாடாளுமன்றம் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. தானியங்கி வாக்காளர் பதிவுடன் அது 2021 டிசம்பர் 15இல் நடப்புக்கு வந்தது. 2018 பொதுத்தேர்தலில் சுமார் 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 2022 நவம்பர் 19 பொதுத்தேர்தலில் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது. முன்னதாக, 2018 டிசம்பரில், வளாகத்துக்குள் அரசியல் கட்சி நடவடிக்கைகளில் மாணவர்கள் ஈடுபடுவதற்கு இருந்த தடையை நீக்கவும் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது.

ஆனால் தானியங்கிப் பதிவு அடையாள அட்டையிலுள்ள முகவரியைப் பின்பற்றுகிறது. கிள்ளான் முகவரி உள்ள மாணவி கம்பாரில் நான்கு ஆண்டு வாழ்ந்தாலும் கிள்ளான் வாக்காளரே. கம்பாரில் அவளுடைய தெருவிளக்கைப் பற்றி அவளிடம் வாக்குக் கேட்டு யாரும் வரப்போவதில்லை.

அப்படியானால் கம்பாரில் பிறந்து வளர்ந்த பாட்டிக்கு அந்த உரிமை இருக்கிறதா? ஊராட்சி மன்றத்தைப் பொறுத்தவரை அவருக்கும் இல்லை என்பதே பலரும் மறந்துவிட்ட உண்மை.

மலாயாவில் ஊராட்சித் தேர்தல் சுதந்திரத்துக்கு முன்பே, 1951இல் ஜார்ஜ்டவுனில் தொடங்கியது. இந்தோனேசிய மோதல் காலத்தில், 1965இல், அது நிறுத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டில் ஊராட்சி மன்றங்களை ஆராய ஓர் அரச ஆணையம் அமைந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் செனட்டர் ஆதி நாகப்பன். 1968இல் முடிந்த அந்த ஆய்வு, ஊராட்சி மன்றங்களுக்கு மக்களே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம் தேர்தலை அடியோடு அகற்றியது. பினாங்கு மாநிலம் தேர்தலை மீட்க 2012இல் ஒரு சட்டம் இயற்றியது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது.

தலைவரையும் 8 முதல் 24 வரையிலான உறுப்பினர்களையும் மாநில அரசே நியமிக்கிறது. ஒரு நியமனம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாது. ஆக, பாட்டியும் மாணவியும் மன்றத்தின் வாசலில் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

தேர்தல் இருந்தால் போதுமா?

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் பிரேரி வியூ என்ற ஊரில், கறுப்பின மாணவர்கள் பயிலும் பல்கலைக்கழகம் உண்டு. அவர்கள் ஊர்க்காரர்கள் அல்லர் என்று கூறி, அதிகாரி ஒருவர் வாக்காளர் பதிவுக்குத் தடை போட்டார். 1979இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மாணவர்களுக்குச் சாதகமான தீர்ப்பை உறுதிசெய்தது. படிக்கும் ஊரில் வாழும் மாணவர் அங்கேயே வாக்களிக்கலாம் என்பது அதனால் நிலைத்தது.

ஆனால் வாக்கு ஒன்றே சச்சரவைத் தீர்த்துவிடாது. கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் மன்ற உறுப்பினர்களை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள், மாணவர்களுக்கும் வாக்குண்டு. அப்படியிருந்தும், மாணவர் பெருக்கத்தால் வீடும் அமைதியும் பறிபோகின்றன என்று குடியிருப்பாளர் குழு ஒன்று வழக்குத் தொடுத்தது. 2021இல் நீதிமன்றம் மாணவர் எண்ணிக்கையை முந்தைய கல்வியாண்டின் அளவிலேயே நிறுத்தும்படி உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கான இளையோரின் இடங்கள் ஆபத்தில் இருந்தன. 2022 மார்ச்சில் மாநிலச் சட்டமன்றம் அவசரச் சட்டத் திருத்தம் செய்த பிறகே அந்த ஆபத்து நீங்கியது. வகுப்பில் இடம் கொடுத்த பல்கலைக்கழகம் தங்க இடம் கட்டாததே அத்தனைக்கும் மூலகாரணம்.

இன்றே திறந்திருக்கும் கதவுகள்

தேர்தல் வரும் வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தால் ஒழிய, மன்றத்தின் முழுக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறது. வாக்காளராக இருக்க வேண்டும், வீட்டுச் சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. உள்ளூர்த் திட்டத்தின் வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போதும் கருத்துச் சொல்ல வாய்ப்புண்டு. பேருந்து நிறுத்தம் எங்கே, மாணவர் விடுதிக்கு இடம் எங்கே, வீடுகளுக்கு எத்தனை வாகன நிறுத்துமிடம் என்பதை அந்த வரைவில் கேட்காவிட்டால் பிறகு கேட்டுப் பயனில்லை.

மாணவர் மன்றங்கள் ஒவ்வோராண்டும் விழாக்களும் விளையாட்டுப் போட்டிகளும் நடத்துகின்றன. அவற்றோடு, குடியிருப்பாளர் சங்கத்துடன் ஆண்டுக்கு இரு முறை ஒரே மேசையில் அமர்ந்து, குப்பை, விளக்கு, வாகனம் பற்றி ஒரே கடிதமாக எழுதி மன்றத்திடம் கொடுக்கலாம். அடுத்த ஆண்டு வரும் மாணவர்களிடம் அந்தக் கோப்பை ஒப்படைக்க வேண்டும். மாணவர் மாறுவார்கள், கோப்பு மாறக்கூடாது. பிள்ளைக்கு அறை பார்க்கப் போகும் பெற்றோரும் வாடகையோடு நிறுத்திக்கொள்ளாமல், அறைத் தடுப்புக்கு அனுமதி உண்டா, தீப்பிடித்தால் வெளியேற வழி உண்டா என்று கேட்க வேண்டும்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது வளாகங்கள் அடைக்கப்பட்டன. மாணவர்கள் ஊர் திரும்பிய பட்டணங்களில் அறைகள் காலியாயின, உணவுக்கடைகளில் அடுப்பு அணைந்தது. மோட்டார் சைக்கிள் சத்தம் இல்லாத தெருவில் நிம்மதியும் இல்லை. அந்தச் சில மாதங்கள் கல்லூரி நகரங்களுக்கு ஒன்றைப் புரியவைத்தன. நான்கு ஆண்டு தங்குபவரும் நாற்பது ஆண்டு வாழ்பவரும் ஒருவரையொருவர் நம்பியே இருக்கிறார்கள். குழாயும் குப்பையும் தெருவிளக்கும் இருவருக்கும் பொது. அவற்றைக் கேட்கும் குரலும் பொதுவாக ஒலித்தால்தான் மன்றத்தின் காதில் விழும்.