கணிப்பொறியின் நீர்க்குளிர்ப்புப் பாகங்கள்: துலக்கும் முறையும் சேமிக்கும் முறையும்

கணிப்பொறியினுள் செல்லும் மின்சக்தி ஏறத்தாழ அனைத்தும் முடிவில் உஷ்ணமாகவே வெளிப்படுகின்றது. அதனை விசிறியினால் காற்றில் கலந்துவிடுவது எளிய வழி. எனினும், ஒரே கொள்ளளவுள்ள காற்றையும் நீரையும் ஒரே அளவு சூடேற்றுவதற்கு, காற்றைவிட நீருக்கு ஏறத்தாழ 3,500 மடங்கு உஷ்ணம் தேவைப்படுகின்றது. ஆகவே சிறிதளவு நீரே பெருமளவு உஷ்ணத்தைச் சுமந்து செல்ல வல்லது. ஐ.பி.எம். நிறுவனம் 1980-ல் அறிவித்த 3081 என்னும் பெருங்கணிப்பொறி நீரினால் குளிர்விக்கப்பட்டதாகும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 2022-ல் நிறுவப்பட்ட பரம் பிரவேகாவிலும் திரவக் குளிர்ப்பே கையாளப்படுகின்றது. மேசைக் கணிப்பொறிகளிலும் இம்முறை பரவியுள்ளது. அவற்றிலிருந்து கழற்றப்பட்ட பாகங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தை வந்தடையும்போது, அவற்றைத் துலக்காமல் மீண்டும் பூட்டுவது அபாயமாகும். ஒரு துளி கசிந்தாலும் மின்சுற்றுப் பலகை பழுதாகிவிடக் கூடும்.

இவ்வமைப்பில் முக்கியமான பாகங்கள் நான்கு: கணக்கிடும் சில்லின் மீது அமரும் குளிர்த்தட்டு, நீரை உந்தும் பம்பு, நீர்த்தொட்டி, உஷ்ணத்தைக் காற்றில் விடும் ரேடியேட்டர். குளிர்த்தட்டின் உட்புறத்தில் செம்பில் அறுத்த வாய்க்கால்கள் உள்ளன; அவற்றின் அகலம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அழுக்கு முதலில் தங்குமிடம் இதுவே. நெகிழ்குழாய்களிலிருந்து கசியும் மென்மையூட்டும் பொருள் வெண்ணிறப் பசையாக இங்கே படிகின்றது. இதனைப் பாசியென்று பலர் தவறாகக் கருதுவதுண்டு. பாசி பசுமையாகவும் வழவழப்பாகவும் இருக்கும். சாயம் கலந்த திரவத்தின் வண்டலும், ரேடியேட்டர் செய்தபோது பற்றவைப்பில் எஞ்சிய கசடும் இங்கேயே வந்து சேர்கின்றன.

துலக்கத் தொடங்குமுன் உலோகம் இன்னதென்று அறிய வேண்டும். செம்பும் அலுமினியமும் ஒரே நீர்ச்சுற்றில் இருந்தால் அவை ஒரு மின்கலத்தைப் போல் இயங்கி, அலுமினியம் அரிக்கப்படும். உப்புநீரில் ஒரு செம்புத் தகட்டையும் ஓர் அலுமினியத் தகட்டையும் நிறுத்தி வோல்ட்மானியுடன் இணைத்தால் முள் நகர்வதை மாணவர்களுக்குக் காட்டலாம். அவ்வாறு கலந்து பயன்பட்ட அலுமினிய ரேடியேட்டரில் சுவர் எங்கே மெலிந்துள்ளது என்பதை வெளியிலிருந்து காண இயலாது. அதனை ஒதுக்கிவிடுவதே நலம். தொழிற்சாலையிலேயே முத்திரையிட்டு வரும் மூடிய அமைப்புகளைத் திறப்பதற்கில்லை.

மின்சாரத்தைத் துண்டித்து, பழைய திரவத்தை ஒரு புட்டியில் வடித்துப் பெயர் எழுதி வைக்க வேண்டும். அதில் எதிலீன் கிளைக்கால் கலந்திருக்கக் கூடும். இது இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. குழந்தைகளும் நாய்களும் அருந்த நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகையால் முற்றத்தில் கொட்டலாகாது.

குளிர்த்தட்டின் திருகுகளைக் கழற்றி, ரப்பர் வளையத்தை எடுத்துவிட்டு, முதலில் வெந்நீரும் சிறிது சோப்பும் கொண்டு மெல்லிய பல்துலக்கியால் வாய்க்கால் செல்லும் திசையிலேயே தேய்க்க வேண்டும். வெண்பசை இதிலேயே நீங்கும். செம்பு கறுத்திருந்தால், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 20 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, அதில் கால் மணி நேரம் ஊறவிடலாம். அமிலம் செம்பின் ஆக்சைடைக் கரைத்துவிடும். வீட்டுச் செம்புகளைப் புளியால் துலக்குவதும் இதே தத்துவம்தான். ஆனால் புளியின் நார் வாய்க்காலை அடைத்துவிடும் என்பதால் அது இங்கே உதவாது. நிக்கல் முலாம் பூசிய தட்டை அமிலத்தில் இடலாகாது. முலாமில் நுண்ணிய கீறல் இருப்பினும் அமிலம் அதன் அடியிற் புகுந்து உரித்துவிடும். பித்தளை இணைப்புகள் வெகுநேரம் ஊறினால் துத்தநாகம் கரைந்து செந்நிறம் தோன்றும். அமிலத்திலிருந்து எடுத்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் முக்கிப் பின்னர் காய்ச்சி வடித்த நீரால் பலமுறை அலச வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்று நீரைக் கடைசி அலசலுக்குப் பயன்படுத்தினால் அதன் சுண்ணாம்பு வாய்க்காலில் தங்கிவிடும்.

அக்ரிலிக்கினாலான மேல்மூடிக்கும் தொட்டிக்கும் ஆல்கஹால் பகை. மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். கொதிநீரும் கூடாது. மிதமான சோப்புநீரே போதுமானது.

ரேடியேட்டரைத் திறக்க இயலாது. சூடான நீரைப் பாதியளவு ஊற்றி, வாயை அடைத்து, நன்கு குலுக்கி, ஒரு வெள்ளைத் துணியின் வழியாக வடிக்க வேண்டும். துணியில் துகள் விழாத வரையில் இதனைத் தொடர வேண்டும். பத்து முறைக்கு மேலும் ஆகலாம். பற்றவைத்த இடங்களைக் கருதி இதில் அமிலத்தைத் தவிர்த்தல் நன்று. பம்பைச் சுத்தமான நீரில் மட்டுமே ஓட்டிக் கழுவலாம். அதன் தாங்கிகளுக்கு நீரே மசகாதலால் வெறுமையாக ஓட்டினால் கெட்டுவிடும். நெகிழ்குழாய்களைச் சேமிப்பதில் பயனில்லை. புதியவை வாங்குவதே சிக்கனம்.

இனி உலர்த்துதல். பெரும்பாலோர் அவசரப்படும் இடம் இது. ரேடியேட்டரின் குறுகிய குழாய்களில் நீர் பல நாட்கள் தங்கும், மழைக்காலத்தில் இன்னும் அதிகமாக. அதனைத் திசைமாற்றிக் கவிழ்த்து வைத்து, நாள்தோறும் ஒரே தராசில் நிறுத்து எழுதிவர வேண்டும். இரண்டு நாட்கள் எடை மாறாதிருந்தால் உலர்ந்ததெனக் கொள்ளலாம். அதன் பின்னரே துவாரங்களை மூடியால் அடைக்க வேண்டும். ஈரத்துடன் அடைப்பது திறந்தே வைப்பதைக் காட்டிலும் கேடு.

ரப்பர் வளையங்களைக் கழற்றி, இழுபடாமலும் மடியாமலும், வெயில் படாத உறையில் வைக்க வேண்டும். வாசலின் தடவினால் சிலவகை ரப்பர் உப்பிவிடும். சிலிக்கோன் மசகே ஏற்றது. ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனி உறையிலிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் சேர்த்து, உலோகம், கடைசியாக ஓடிய திரவம், துலக்கிய தேதி ஆகியவற்றைச் சீட்டில் எழுதிக் கட்டிவிடலாம். திருகுகள் அந்தந்தப் பாகத்துடனேயே இருத்தல் வேண்டும்.

மீண்டும் பூட்டும்போது, கணிப்பொறிக்கு மின்சாரம் கொடாமல், பம்பை மட்டும் தனியாக 24 மணி நேரம் ஓட்டி, ஒவ்வோர் இணைப்பின் கீழும் உலர்ந்த காகிதம் விரித்துப் பார்க்க வேண்டும். காகிதத்தில் ஈரக்கறை தென்பட்டால் அவ்விணைப்பின் வளையத்தை மாற்றி, மறுபடியும் 24 மணி நேரம் ஓட்ட வேண்டும்.