உப்புக் காற்றும் பழைய உந்து வண்டியும்

ஆங்கிலேய நாட்டுப் பழைய கார்களைப் பற்றிச் செங்கற்பட்டு மாணவன் எழுதுவானேன் என்று நண்பர்கள் வியக்கலாம். அக்கார்களுக்கும் நம் மாவட்டத்துக்கும் உள்ள உறவு மிக நெருங்கியது. தாம்பரம் பக்கத்திலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர்கள் நாள்தோறும் பெருங்களத்தூரையும் வண்டலூரையும் கடந்தே வருகிறார்கள். ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் கார்த் தொழிற்சாலை அப்பகுதியில்தான் இயங்கியது. 1948இல் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கப்பெற்ற அந்நிறுவனம், வேன்கார்டு முதலிய கார்களைத் தந்தபின், 1961 முதல் 1971 வரை 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' காரை உருவாக்கியது. தொழிற்சாலை 1988இல் மூடப்பட்டது. வண்டிகள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

செங்கற்பட்டில் என் தாய்மாமன் ஒரு பட்டறை வைத்திருக்கிறார். விடுமுறை நாள்களில் அங்கே உதவிக்குச் செல்வது என் வழக்கம். வகுப்பறையில் படிக்கும் இயற்பியலும் வேதியியலும் அங்கே ஸ்பேனரும் எண்ணெயுமாகக் கண்முன் நிற்கின்றன. அங்கு நான் கற்றதில் ஒரு பகுதியை நம் மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். பழைய வண்டி முதுமையால் சாவதில்லை; காரணம் அறியாமல் செய்யும் பராமரிப்பால் சாகிறது என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

ஹெரால்டும் அதன் தம்பியும்

ஹெரால்டு, 1959இல் இங்கிலாந்தில் 'டிரயம்ஃப் ஹெரால்டு' என்னும் பெயரில் அறிமுகமானது. அதற்கு உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலாட்டி. 948 கன செ.மீ. கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சின் அதில் இருந்தது. அக்காலத்தில் மற்ற நிறுவனங்கள் உடலும் சட்டமும் ஒன்றான கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டோ தனிச் சேஸிஸின் மேல் உடற்பகுதிகளைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு இணைத்த வண்டி. முழு உடலை ஒரே இடத்தில் அடித்துத் தரும் தொழிற்சாலை அந்நிறுவனத்துக்குக் கிடைக்காமற் போனதே இதற்குக் காரணம். வேறு வழியின்றிச் செய்த அந்த ஏற்பாடு பழுது பார்ப்பவருக்கு வரமாகிவிட்டது. பானெட் முழுவதும், பக்கத் தகடுகளோடு சேர்ந்து, முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினில் வேலை செய்யலாம்.

இந்தச் சேஸிஸைச் சற்றுக் குறுக்கி, அதன்மேல் இருவர் அமரும் திறந்த உடலைப் பொருத்தி, 1962இல் 'ஸ்பிட்ஃபயர்' என்னும் ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கினார்கள். 1980 வரை அது உற்பத்தியில் இருந்தது. ஆகவே ஹெரால்டைப் பழுது பார்க்கத் தெரிந்தவருக்கு ஸ்பிட்ஃபயரின் முன்சக்கர அமைப்பும் பெரும்பாலும் தெரிந்ததே. விடுதலைக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்ததால் எம்.ஜி., டிரயம்ஃப் போன்ற ஸ்போர்ட்ஸ் கார்கள் நம் நாட்டில் அரிதாகவே காணப்பட்டன. பழைய விமான ஓடுதளமான சோழவரத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் அத்தகைய கார்களைக் கண்டு களித்த தலைமுறை ஒன்று உண்டு. நமக்கு எட்டிய உறவினர் ஹெரால்டுதான்.

உப்பும் இரும்பும்

மாமல்லபுரம் முதல் கோவளம் வரையிலுள்ள கடற்கரையில் வண்டி வைத்திருப்பவரின் முதற்பகை துரு. இரும்பு, நீர், உயிர்வளி ஆகிய மூன்றும் கூடினால் துரு உண்டாகும் என்பது பள்ளிப் பாடம். உப்பு இதில் என்ன செய்கிறது? நீரின் மின்கடத்தும் திறனை அது கூட்டுகிறது. அதனால் இரும்பின் அரிமானம் விரைவுபடுகிறது. கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் அடுக்களையில் கல்லுப்புச் சாடி கசிந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழையே பெய்யாவிட்டாலும் உப்புப் படிந்த தகடு நனைந்தே இருக்கிறது.

கடற்கரைக் கோயிலின் கல்லையே உப்பு விட்டுவைக்கவில்லை. தொல்லியல் துறையினர் அலைதடுப்புக் கற்களையும் சவுக்குத் தோப்பையும் அமைத்துக் காற்றின் வேகத்தைத் தணித்தார்கள். கல்லின்மேல் காகிதக் கூழை அப்பி, உள்ளே ஊறிய உப்பை வெளியே இழுத்தெடுத்தார்கள். வண்டிக்கும் மருத்துவம் இதுவே: உப்பு வராமல் தடுக்க வேண்டும், வந்த உப்பை நல்ல தண்ணீரால் நீக்க வேண்டும்.

பலர் காரின் மேற்புறத்தைப் பளபளவென்று துடைப்பார்கள். நோய் இருக்கும் இடம் அடிப்புறம். ஹெரால்டில் சேஸிஸின் பக்கக் கைகள், கதவுக்குக் கீழுள்ள தகடுகள், பேட்டரித் தட்டு, டிக்கியின் தரை ஆகிய இடங்களைப் பார்க்க வேண்டும். கடற்கரைச் சாலையில் ஓட்டிவந்த பின் அடிப்புறத்தை நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, நீர் வடியும் துளைகளைக் குச்சியால் குத்திவிட்டு, வெயிலில் உலர்த்துவது மாமாவின் முறை. ஈரத்தோடு தார்ப்பாயால் மூடுவதை அவர் ஒப்புவதில்லை. துருவின் மேலேயே பட்டி பூசிப் பெயின்ட் அடிப்பதையும் அவர் ஒப்பமாட்டார். புண் ஆறுமுன் தோலை மூடினால் உள்ளே சீழ் பிடிப்பதுபோல, பட்டியின் அடியில் துரு தன் வேலையைத் தொடர்ந்து செய்யும்.

எண்ணெயா, கிரீசா?

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இப்பகுதியை வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். உயிரோடு தொடர்புடையது இது.

ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டிலும் முன்சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த எஃகுத் துண்டின் அடிப்பகுதியில் திருகுமரை வெட்டப்பட்டிருக்கும். அந்த மரை 'டிரனியன்' எனப்படும் வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் எஃகு மரை வெண்கல மரைக்குள் சுழலும். முன்பக்க எடையின் விசையெல்லாம் அந்த இடத்தில்தான் தங்குகிறது. அங்கே கியர்பெட்டிக்கு ஊற்றுவது போன்ற ஈ.பி. 90 கெட்டி எண்ணெயை ஏற்ற வேண்டும் என்பது தயாரிப்பாளர் விதி. பட்டறைகளிலோ, நிப்பிள் கண்ட இடத்தில் கிரீஸ் கன்னை வைத்து அடிப்பது வழக்கம்.

கிரீஸ் எண்ணெயைவிடக் கெட்டியானதாயிற்றே, நல்லதுதானே என்று நானும் மாமாவிடம் கேட்டேன். "மாப்ளே, கிரீஸ் வச்ச இடத்துல அப்படியே நிக்கும். எண்ணெய் தானா வழி தேடிப் போகும்" என்றார். காரணம் முழுவதும் அந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிட்டது. மரைகளுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளியில் எண்ணெய் ஏறிப் படர்கிறது. கிரீஸ் அவ்விடைவெளி முழுவதையும் எட்டுவதில்லை. நாளடைவில் இறுகியும் போகிறது. எட்டாத இடத்தில் நீர் புகுகிறது. எஃகு மரையின் பள்ளத்தில் துரு அரிக்கிறது. அரித்த பள்ளத்தில் தகைவு குவிகிறது. ஒருநாள் மெதுவாகத் திருப்பும்போதே அந்த எஃகுத் துண்டு ஒடிந்து, சக்கரம் மடிந்து விழுகிறது. வீட்டு வாசலில் நிகழ்ந்தால் செலவோடு போகும். வேகமாகச் செல்லும்போது நிகழ்ந்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

கடலோரத்திலிருந்து ஒரு ஹெரால்டு எங்கள் பட்டறைக்கு வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் தந்தையின் நினைவாக வைத்திருக்கும் வண்டி அது. "பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்" என்று வேறோரிடத்தில் சொல்லியிருந்தார்களாம். அவர் சொன்ன குறை ஒன்றுதான்: ஸ்டியரிங் கனமாக இருக்கிறது. ஜாக்கி வைத்துத் தூக்கி, டிரனியனைக் கழற்றினோம். உள்ளே கிரீஸ் மெழுகுபோல் இறுகியிருந்தது. அதன்மேல் எஃகில் செந்துரு. மரையின் ஒருபக்கம் விரல் நகம் சிக்கும் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. அதே வண்டியில் அவர் பேரப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று வந்திருந்தார். இருபுறமும் அத்துண்டுகளையும் வெண்கலக் கட்டைகளையும் மாற்றி, எண்ணெய் ஏற்றி அனுப்பினோம். இப்போது ஆண்டுக்கு இருமுறை எண்ணெய் ஏற்றிக்கொள்ள வருகிறார். ஸ்டியரிங் கனத்தால் அதை வெறும் இறுக்கம் என்று எண்ணக்கூடாது. டிரனியனைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மங்கும் விளக்கு

ஆங்கிலேயக் கார்களின் மின் அமைப்பைக் கேலி செய்வோர் பலர். கோளாறு பெரும்பாலும் எர்த் இணைப்பிலேதான் இருக்கிறது. பேட்டரியிலிருந்து விளக்குக்குக் கம்பி போகிறது; திரும்பி வரும் வழி வண்டியின் உடல். உடல் துருப்பிடித்தால் வழியும் அடைபடுகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 12 வோல்ட்டில் 60 வாட் விளக்கின் மின்தடை 2.4 ஓம். எர்த் போல்ட்டின் அடியில் படிந்த துருவால் 0.4 ஓம் கூடினால், மொத்தத் தடை 2.8 ஓம். மின்னோட்டம் 5 ஆம்பியரிலிருந்து ஏறத்தாழ 4.3 ஆம்பியராகக் குறைகிறது. இழையின் தடை மாறவில்லை எனக் கொண்டால், விளக்குக்குக் கிடைப்பது 44 வாட் மட்டுமே. புது விளக்கு வாங்கிப் போட்டாலும் இதுதான் கிடைக்கும். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் தேய்த்து, வாசலின் தடவி இறுக்கினால் காசு செலவின்றி வெளிச்சம் திரும்பும். இன்னொரு எச்சரிக்கை: 1960களின் நடுப்பகுதி வரை வந்த ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். பேட்டரி மாற்றுமுன் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கருவியும் உதிரிப் பாகமும்

ஹெரால்டின் போல்ட்டுகள் அங்குல அளவின. 7/16, 1/2, 9/16 அங்குல ஸ்பேனர்கள் அடிக்கடி தேவைப்படும். 1/2 அங்குலம் என்பது 12.7 மி.மீ.; 13 மி.மீ. ஸ்பேனர் அதில் தளர்வாக உட்காரும். துருப்பிடித்த போல்ட்டில் அந்தத் தளர்வே தலையின் மூலைகளை வழித்துவிடும். முதல்நாள் மாலை எண்ணெய் விட்டு ஊறவைத்து, மறுநாள் சரியான ஸ்பேனரை வைத்தால் பாதி வேலை முடிந்தது.

பிரேக்குக்கு உரிய திரவத்தைத் தவிர எஞ்சின் எண்ணெயைத் தவறியும் ஊற்றக்கூடாது. ரப்பர் வாஷர்கள் ஊதிப் பிரேக் பிடித்துக்கொள்ளும். அத்திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஸ்பிட்ஃபயர், எம்.ஜி. வண்டிகளின் எஸ்.யு. கார்புரேட்டரில், மேலேயுள்ள குழாயில் சிறிது மெல்லிய எண்ணெய் நிற்க வேண்டும். உள்ளிருக்கும் பிஸ்டன் திடீரென்று எழாமல் தணிப்பது அதுவே. அது வற்றினால் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் எஞ்சின் திணறும். கார்புரேட்டரையே மாற்றச் சொல்வோர் உண்டு. தேவை சில துளி எண்ணெய்தான்.

உதிரிப் பாகம் கிடைக்காதே என்ற அச்சம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. 1961இல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962இல் பிரேக்ஸ் இந்தியா எனச் சென்னையில் ஆங்கிலேயக் கூட்டோடு தொடங்கிய நிறுவனங்கள் இங்கேயே அவ்வகைப் பாகங்களைச் செய்தன. அந்த மரபில் வந்த மெக்கானிக்குகளும் லேத் பட்டறைகளும் நம்மிடையே உண்டு.

சட்டம் சொல்வது

கடைசி ஹெரால்டும் இன்று ஐம்பது வயதைக் கடந்துவிட்டது. 2021இல் நடுவணரசு கொண்டுவந்த விதிப்படி, ஐம்பது ஆண்டைக் கடந்த கார்களைத் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்யலாம். பதிவெண்ணில் 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் இடம்பெறும். சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவை பெருமாற்றமின்றி மூலவடிவில் இருக்க வேண்டும். அவ்வாறு பதிந்த வண்டியை அன்றாடப் பயணத்துக்கு ஓட்டலாகாது. கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்கே சாலையில் எடுக்கலாம். ஆகவே வேறு எஞ்சினை வைத்தோ சேஸிஸை வெட்டியோ 'சரிசெய்வது' வண்டியின் தகுதியையே கெடுத்துவிடும். உள்ளதைக் காப்பதே அறிவுடைமை.

பெருங்களத்தூர்த் தொழிற்சாலையில் கைவேலை கற்றவர்களில் இளையவர்களும் இன்று முதியவர்களே. எண்ணெய்க்கும் கிரீசுக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் எந்த ஏட்டிலும் எழுதிவைக்கவில்லை. நம்முள் பலருடைய ஊர்களில் அத்தகைய பெரியவர் ஒருவர் இருக்கக்கூடும். இயற்பியல், வேதியியல் மாணவர்கள் ஒரு குறிப்பேட்டோடு அவரிடம் சென்று, 'ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?' என்று கேட்டு எழுதி வந்தால், நம் கல்லூரி நூலகத்தில் வைக்கத்தக்க நூல் ஒன்று உருவாகும். என் மாமாவிடம் கேட்ட முப்பது பக்கக் குறிப்புகளை அதற்குத் தர நான் அணியமாயிருக்கிறேன்.