அந்தப் பூட்டு யாரைத் தடுக்க?

பாபநாசத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “பிளஸ் ஒன் படிக்கும் என் மகன், பிளேஸ்டேஷன் விளையாட்டுகளை லேப்டாப்பிலேயே ஆடலாம் என்று யூடியூபில் பார்த்து ஒரு ஃபைலை இறக்கினான். திறக்கப் போனால் பாஸ்வேர்டு கேட்கிறது. வீடியோவுக்குக் கீழேயே பாஸ்வேர்டும் இருக்கிறது. ஆன்டிவைரஸ் எதுவும் சொல்லவில்லை. திறக்கலாமா?”

வேண்டாம். ஆன்டிவைரஸ் சும்மா இருப்பதற்குக் காரணமே அந்த பாஸ்வேர்டுதான்.

ஒரு கருவிக்கான விளையாட்டை வேறொரு கருவியில் ஓடவைக்கும் எமுலேட்டர் என்பது உண்மையான தொழில்நுட்பம். கனெக்டிக்ஸ் நிறுவனம் 1999இல் பிளேஸ்டேஷன் விளையாட்டுகளை மேக் கணினியில் ஓடவைத்தது. சோனி வழக்குப் போட்டு, 2000இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. இன்று பிளேஸ்டேஷன் 2க்கு பிசிஎஸ்எக்ஸ்2, பிளேஸ்டேஷன் 3க்கு ஆர்பிசிஎஸ்3 இருக்கின்றன. இரண்டும் இலவசம், மூலநிரலை யாரும் படிக்கலாம். மோசடிக்காரர்கள் இந்த நல்ல பெயரைத்தான் திருடுகிறார்கள். ‘பிசிஎஸ்எக்ஸ்4’ என்ற பெயரில் சுற்றியது அப்படி ஒரு போலி. வரலாறு இவ்வளவு போதும்.

பூட்டுக்கு வருவோம். நெல் வாங்குகிறவர் மூட்டையை அவிழ்ப்பதில்லை. குத்தூசியைச் செருகி, வந்து விழும் பிடி நெல்லை உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கிறார். ஆன்டிவைரஸும் ஃபைலுக்குள் அப்படித்தான் துழாவி, தெரிந்த வைரஸின் சாயல் இருக்கிறதா என்று பார்க்கிறது. சாக்கு என்றால் ஊசி இறங்கும். நெல்லை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டால்? “நெல் சுத்தம்” என்று யாரும் சொல்லவில்லை. பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். பெட்டி வழியிலிருக்கும் எல்லாச் சோதனையையும் தாண்டி வருகிறது. சாவியோ பெட்டியின் காதிலேயே கட்டித் தொங்குகிறது. அந்தப் பெட்டியை உங்கள் ஊர்ப் பாலைவனநாதர் கோயிலில் இருக்கிறதே, 3,000 கலம் கொள்ளும் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம், அதற்குள்ளேயே கொண்டுபோய்த் திறந்தால் வண்டுக்குக் கொண்டாட்டம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. ஒரே வைரஸை, ஒரே பாஸ்வேர்டு போட்டுப் பத்து முறை பூட்டினால், பூட்டிய பகுதி பைட்டுகள் அளவில் ஒன்றுக்கொன்று ஒட்டே இல்லாத பத்து ஃபைல்கள் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு சீரற்ற எண் புதிதாகக் கலக்கப்படுவதுதான் காரணம். நேற்று பிடிபட்ட ஃபைலின் கைரேகையை வைத்துக்கொண்டு இன்று வருவதை அடையாளம் காண வழியில்லை.

ஆனால் பூட்டு எல்லாவற்றையும் மறைப்பதில்லை. சாதாரண ஜிப் ஃபைலில், பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளிருப்பவற்றின் பெயர்களும் அளவுகளும் தெரியும். (ரார் ஃபைலில் பெயர்களையும் மறைக்கலாம்.) 7-ஜிப்பில் பட்டியலை மட்டும் பாருங்கள், அதனால் எந்த நிரலும் ஓடிவிடாது. ‘செட்டப்’ என்றொரு ஃபைல், அளவு 700 எம்பி, சுருக்கிய அளவு 6 எம்பி என்று இருக்கிறதா? நிரலும் படமும் ஒலியும் நிறைந்த எதையும் நூறு மடங்குக்கு மேல் சுருக்க முடியாது. வெறும் பூஜ்யங்களை ஆயிரம் மடங்குகூடச் சுருக்கலாம். சுருக்குவது முதலில், பூட்டுவது பிறகு என்பதால் அந்த விகிதம் வெளியே தெரிந்துவிடுகிறது. சின்ன நிரலைப் பூஜ்யங்களால் ஊதிப் பெருக்குவது ஏன்? பெரிய ஃபைல்களைப் பல சோதனைக் கருவிகள் தொடுவதில்லை. வைரஸ்டோட்டல் தளமே 650 எம்பிக்கு மேல் வாங்காது.

பெட்டியைத் திறந்த பிறகு ஆன்டிவைரஸ் விழித்துக்கொள்ளத்தான் செய்யும். அதனால்தான் வீடியோவிலேயே, “ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க, அது தப்பா காட்டும்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். இந்த வாக்கியத்தைக் கேட்டதும் மூடிவிட்டு எழுந்துவிடுங்கள்.

சில ஃபைல்களுக்கு பாஸ்வேர்டையே தரமாட்டார்கள். “சர்வேயை முடித்தால் வரும்” என்பார்கள்; முடிக்கும் ஒவ்வொரு சர்வேக்கும் விளம்பரக் கமிஷன் அவர்களுக்குப் போகும், பாஸ்வேர்டு மட்டும் வராது. அதில் நேரமும் செல்போன் எண்ணும் போகும். திறக்கும் வகைதான் கொடுமை. ரெட்லைன், விடார், லும்மா போன்ற திருட்டு நிரல்கள் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கீகளையும் நிமிடங்களில் அள்ளிவிடும். குக்கீ கையிலிருந்தால், ஏற்கெனவே உள்ளே நுழைந்தவராகவே தளம் நினைத்துக்கொள்ளும், ஓடிபி கேட்காது. இத்தகைய நிரல்களுக்கு இட்டுச்செல்லும் யூடியூப் வீடியோக்கள் மளமளவென்று பெருகுவதைப் பெங்களூரின் கிளவுட்செக் நிறுவனம் 2023இலேயே எச்சரித்தது. 2025 மே மாதம் லும்மாவை முடக்கியபோது, இரண்டே மாதத்தில் அது புகுந்த விண்டோஸ் கணினிகள் 3,94,000க்கு மேல் என்றது மைக்ரோசாஃப்ட்.

அம்மா, பையனைத் திட்டாதீர்கள். பயந்தால் மறைப்பான், மறைத்தால் நேரம் போகும். ஃபைலை அழித்துவிடுங்கள். ஏற்கெனவே ஓடவிட்டிருந்தால் முதலில் லேப்டாப்பின் வைஃபையைத் துண்டியுங்கள். வேறொரு போனிலிருந்து ஜிமெயில், வங்கி, இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டுகளை மாற்றி, ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்துங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930க்குக் கூப்பிடுங்கள். லேப்டாப்பில் விண்டோஸைப் புதிதாக நிறுவும்வரை, அதில் எந்த பாஸ்வேர்டையும் தட்டச்சு செய்ய வேண்டாம்.