இரண்டாம் சாவியின் எல்லை: சிங்கப்பூரில் அதிபரும் நாடாளுமன்றமும் பகிர்ந்துகொள்ளும் நிதியதிகாரம்

முன்னுரை

பொதுப்பணத்தைச் செலவிடும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்னும் வினாவைச் சட்டமியற்றும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்னும் வினாவினின்றும் பிரித்தல் இயலாது. மக்களாட்சி நாடுகளில் அரசின் செலவும் ஒரு சட்டத்தின் வழியாகவே ஒப்புதல் பெறுகிறது. அச்சட்டத்தை நாட்டுத் தலைவர் எந்த அளவிற்குத் தடுக்க முடியும் என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன. அமெரிக்க அதிபர் எந்த மசோதாவையும் மறுத்துத் திருப்பியனுப்பலாம். இரு அவைகளும் மூன்றில் இரு பங்கு வாக்குகளால் அம்மறுப்பை மீறலாம். ஆனால் செலவுச் சட்டத்தின் ஓர் இனத்தை மட்டும் நீக்கும் அதிகாரத்தை அவருக்கு வழங்கிய சட்டம் செல்லாது என்று 1998-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியக் குடியரசுத் தலைவரோ பெரும்பாலும் அமைச்சரவையின் அறிவுரைப்படியே இயங்குபவர்.

இவ்விரு முறைகளுக்கும் இடைப்பட்ட ஒரு முறையைச் சிங்கப்பூர் வகுத்துக்கொண்டது. தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட அந்நாட்டில், அம்முறையின் முதன்மையான சோதனைக் கட்டம் ஒன்றில் தமிழ் மரபினர் இருவர் இரு பக்கங்களிலும் பொறுப்பு வகித்தனர். அம்முறையின் அமைப்பையும் வலிமையையும் எல்லையையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேர்ந்தெடுக்கப்படும் அதிபர் பதவியின் தோற்றம்

1991 வரை சிங்கப்பூர் அதிபரை நாடாளுமன்றமே தேர்ந்தெடுத்தது. அவர் பணி பெரும்பாலும் சடங்குமுறை சார்ந்தது. பொறுப்பற்ற ஓர் அரசு ஒரே தேர்தலில் ஆட்சியைப் பிடித்து, பல தலைமுறைகள் சேமித்த செல்வத்தைக் கரைத்துவிடக்கூடும் என்னும் அச்சம் 1980-களில் லீ குவான் யூ தலைமையிலான அரசால் முன்வைக்கப்பட்டது. 1988-இலும் 1990-இலும் வெள்ளை அறிக்கைகள் வெளியாயின. 1991 ஜனவரியில் நாடாளுமன்றம் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தியது. அத்திருத்தம் அவ்வாண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 1993-இல் மக்களின் நேரடி வாக்குகளால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் அதிபரானார் ஓங் டெங் சியோங்.

கருவூலத்தைத் திறக்க அமைச்சரவையிடம் ஒரு சாவி, அதிபரிடம் மற்றொரு சாவி. இரண்டும் சேர்ந்தாலன்றிப் பூட்டுத் திறவாது. இதனாலேயே இம்முறை ‘இரண்டாம் சாவி’ என்று வழங்கப்படுகிறது.

பூட்டப்படுவது எது?

அரசின் பணம் முழுவதும் அதிபரின் காவலில் இல்லை. நடப்பு அரசு தன் பதவிக்காலத்தில் ஈட்டிய உபரியை அதிபரின் இசைவின்றியே செலவிடலாம். அப்பதவிக்காலத்திற்கு முன் சேர்ந்தவையே ‘கடந்தகால நிதியிருப்பு’ எனப்படும். பொதுத்தேர்தலுக்குப் பின் புதிய அரசு பதவியேற்றவுடன், அதுவரை சேர்ந்தவை யாவும் பூட்டுக்குள் சென்றுவிடுகின்றன. அதே கட்சி மீண்டும் வென்றாலும் இவ்விதி மாறுவதில்லை.

ஆண்டுதோறும் நாடாளுமன்றம் நிறைவேற்றும் நிதி ஒதுக்கீட்டு மசோதா, கடந்தகால இருப்பில் கைவைக்கும் என்று அதிபர் கருதினால் இசைவு தர மறுக்கலாம். அவ்வாறு கருதியும் இசைவளிப்பாராயின், தம் கருத்தை நாடாளுமன்ற நாயகருக்கு எழுத்து வடிவில் தெரிவித்து அரசிதழில் வெளியிடச் செய்தல் வேண்டும். தெமாசெக், ஜிஐசி, சிங்கப்பூர் நாணய ஆணையம் முதலிய அமைப்புகளின் வரவுசெலவுத் திட்டங்களும் தலைமை நியமனங்களும் இக்காவலுக்கு உட்பட்டவையே.

மறுப்பும் மறுப்பை மீறுதலும்

நிதி குறித்து முடிவெடுக்கும் முன் அதிபர் தம் ஆலோசகர் மன்றத்தைக் கலந்தாக வேண்டும். 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் இம்மன்றத்தின் உறுப்பினர் எண்ணிக்கையை ஆறிலிருந்து எட்டாக உயர்த்தியது. மன்றத்தின் பரிந்துரைக்கு இணங்க அதிபர் மறுத்தால் அம்மறுப்பை நாடாளுமன்றம் மீற இயலாது. பரிந்துரைக்கு மாறாக மறுத்தால், நாடாளுமன்றம் மூன்றில் இரு பங்கு வாக்குகளால் அதனை மீறலாம்.

இவ்விதி உணர்த்தும் உண்மை கருதத்தக்கது. ஆளுங்கட்சி மூன்றில் இரு பங்குக்கு மேற்பட்ட இடங்களைத் தொடர்ந்து வகித்துவரும் நாட்டில், அதிபரின் தனித்த மறுப்பு நிலைக்காது; மன்றத்தின் துணையுடன் கூடிய மறுப்பே நிலைக்கும். வாக்குகளால் வந்த அதிபரின் வலிமை, நியமனத்தால் வந்த மன்றத்தைச் சார்ந்து நிற்கிறது.

மறுப்பினால் அரசு இயந்திரம் முடங்காதிருக்கவும் வழி உண்டு. முட்டுக்கட்டை நீடித்தால், முந்தைய ஆண்டின் அளவை மிஞ்சாத செலவுக்கு நாடாளுமன்றம் தீர்மானத்தின் வழியாக ஒப்புதல் அளிக்கலாம்.

காவலரும் கணக்கும்

காக்க வேண்டிய பொருள் இன்னதென்று அறியாமல் காவல் புரிதல் அரிது. ஓங் டெங் சியோங் பதவியேற்றபின் அரசின் சொத்து விவரங்களைக் கேட்டார். அசையாச் சொத்துகளை மதிப்பிட 56 மனித ஆண்டுகள் தேவைப்படும் என்று தமக்குக் கூறப்பட்டதைப் பின்னாளில் அவர் வெளிப்படையாகத் தெரிவித்தார். 1999 ஜூலையில் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, இருப்பைக் கணிக்கும் நெறிகளை வகுத்தது. எனினும், நாட்டின் மொத்த நிதியிருப்பு இன்றும் பொதுமக்களுக்கு வெளியிடப்படுவதில்லை. நாணயத்தின் மீதான ஊக வணிகத் தாக்குதலைத் தவிர்ப்பதற்கே இவ்வாறு செய்யப்படுவதாக அரசு விளக்குகிறது. இதனால், காவலர் தம் கடமையைச் செவ்வனே செய்தாரா என்பதை அவரைத் தேர்ந்தெடுத்த மக்கள் கணக்கைக் கொண்டு சரிபார்க்க இயலுவதில்லை.

சாவி திரும்பிய தருணங்கள்

உலக நிதி நெருக்கடியின்போது, 2009 ஜனவரியில், 4.9 பில்லியன் வெள்ளியைக் கடந்தகால இருப்பிலிருந்து எடுக்க அமைச்சரவை இசைவு கோரியது. அப்போதைய அதிபர் எஸ். ஆர். நாதன் அதனை வழங்கினார். அவர் தமிழ் மரபினர். ஊழியர் ஊதியத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்பதற்கும், வங்கிக் கடன்களின் இடரைப் பகிர்ந்துகொள்வதற்கும் அப்பணம் ஒதுக்கப்பட்டது. அவ்வரவுசெலவுத் திட்டத்தை நாடாளுமன்றத்தில் முன்வைத்த நிதியமைச்சர், யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த தர்மன் சண்முகரத்னம் ஆவார். உண்மையில் செலவான ஏறத்தாழ 4 பில்லியன் வெள்ளியை அரசு 2011-இல் இருப்பில் திரும்பச் சேர்த்தது. திருப்பிச் சேர்க்க வேண்டும் என்னும் சட்டக் கட்டாயம் ஏதுமில்லை.

கொவிட் பெருந்தொற்றின்போது, 2020-இல், 52 பில்லியன் வெள்ளி வரை எடுக்க அதிபர் ஹலிமா யாக்கோப் இசைவளித்தார். மூன்று நிதியாண்டுகளில் எடுக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 40 பில்லியன் வெள்ளி. இரு நெருக்கடிகளிலும் அதிபர்கள் மறுக்கவில்லை. இதனைச் சாவியின் பயனின்மை என்று கொள்வாரும் உளர். கேட்கப்படும் என்பதை அறிந்தே அரசு அளவோடு கேட்கிறது என்று கொள்வாரும் உளர். வெளியிடப்பட்ட விவரங்களைக் கொண்டு இவ்விரு கூற்றுகளுள் எதனையும் முற்றாக நிறுவ இயலாது.

முடிவுரை

சிங்கப்பூர் அதிபர் செலவைத் தொடங்க இயலாதவர். ஒரு திட்டத்தை விரும்பி மற்றொன்றை விலக்கவும் இயலாதவர். ‘வேண்டாம்’ என்னும் ஒரு சொல்லே அவர்தம் அதிகாரம். அச்சொல்லின் வலிமையும் ஆலோசகர் மன்றத்தின் துணையையும், அதிபருக்குக் கிட்டும் கணக்கு விவரங்களையும் சார்ந்தது. முன்னர் நிதியமைச்சராக முதற்சாவியின் பக்கம் நின்ற தர்மன் சண்முகரத்னம், 2023 செப்டம்பரில் 70 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்று இரண்டாம் சாவிக்குப் பொறுப்பேற்றார். கருவூலத்தின் உள்ளிருப்பை நன்கறிந்த ஒருவரே அதன் காவலராகும்போது, அறியாமை என்னும் குறை நீங்குகிறது. கேட்பவரும் காப்பவரும் ஒரே மரபில் பயின்றவர்களாக இருத்தல் காவலைத் தளர்த்துமோ என்னும் வினா எழுகிறது. ஒரே அமைப்பினுள் அறிவையும் விலகி நிற்கும் தன்மையையும் ஒருங்கே பெறுவது எவ்வாறு என்பதே இரண்டாம் சாவி முறை இன்னும் விடைகாண வேண்டிய சிக்கலாகும்.